எச்7-இல் பிஷப்பை வெட்டக் கொடுக்கலாமா? (விவாத இழை)

புதுச் சிப்பாய் | பிப்ரவரி 3, இரவு 9.12

சதுரங்கத்தில் எச்7 பலிக்கு (கறுப்பு ராஜாவின் முன்னே நிற்கும் எச்7 சிப்பாயை வெட்டி, வெட்டிய பிஷப்பைக் கொடுப்பது) எந்தப் பாடத்தைத் திறந்தாலும் ஒரே படம்தான். பிஷப் எச்7-ஐ வெட்டும், குதிரை ஜி5-க்கு வரும், ராணி எச்5-க்கு வரும், மேட். நிஜ ஆட்டத்தில் ராஜா ஜி6-க்கு ஏறிவந்து தப்பிவிடுகிறது, கொடுத்த பிஷப் போனதுதான் மிச்சம். என் வாதம்: விவரம் தெரியாதவர்களிடம் மட்டுமே செல்லுபடியாகும் வித்தை இது. மறுப்பவர்கள் நகர்வோடு மறுக்கவும்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 3, இரவு 10.40

நகர்வோடே வருகிறேன். கட்டங்களின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். × என்றால் வெட்டு, + என்றால் செக், ! என்றால் நல்ல நகர்வு, எண்ணுக்குப் பின் ... என்றால் கறுப்பின் நகர்வு.

பலகையில் இதை வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி1, யானைகள் ஏ1, எஃப்1, பிஷப்புகள் சி1, டி3, குதிரை எஃப்3, சிப்பாய்கள் ஏ2, பி2, டி4, இ5, எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி8, யானைகள் ஏ8, எஃப்8, பிஷப் சி8, குதிரைகள் சி6, டி7, சிப்பாய்கள் ஏ7, பி7, டி5, இ6, எஃப்7, ஜி7, எச்7. இரு பக்கமும் காய்க் கணக்கு சமம். வெள்ளையின் நகர்வு.

பிஷப்×எச்7+ ராஜா×எச்7, குதிரை ஜி5+. இப்போது கறுப்புக்கு முக்கியமாக நான்கு வழி. நான்கையும் தனித்தனியாகப் பார்க்காமல் பிஷப்பைத் தொடக் கூடாது.

ஒன்று, ராஜா ஜி8. ராணி எச்5 என்றதும் எச்7-இல் மேட் அச்சுறுத்தல். கறுப்பு யானையை இ8-க்கு நகர்த்தி எஃப்8-ஐக் காலி செய்யும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ராணி எச்7+ என்று போய்விடுகிறார்கள். ராஜா எஃப்8, ராணி எச்8+, ராஜா இ7, ராணி×ஜி7 வரை வந்தால், எஃப்7 சிப்பாய் குறுக்கே நிற்பதால் ராஜாவுக்குச் செக்கே இல்லை; கறுப்புக்கு ஒரு நகர்வு இனாமாகக் கிடைக்கிறது. சரியான வரிசை: முதலில் ராணி×எஃப்7+, ராஜா எச்8. பிறகு ராணி எச்5+, ராஜா ஜி8, ராணி எச்7+, ராஜா எஃப்8, ராணி எச்8+, ராஜா இ7, ராணி×ஜி7 மேட். எஃப்7 சிப்பாயை முன்கூட்டியே எடுத்ததற்கான பலன் அந்தக் கடைசி நகர்வில்தான் தெரியும். டி6-ஐயும் எஃப்6-ஐயும் இ5 சிப்பாய் அடைத்திருக்கிறது. டி7-இல் கறுப்பின் சொந்தக் குதிரையே வழியை மறித்து நிற்கிறது.

இரண்டு, ராஜா எச்6. சி1 பிஷப்பின் பாதையில் ராஜா தானாக வந்து நிற்கிறது. குதிரை×எஃப்7 என்றால் குதிரையும் செக், பிஷப்பும் செக். இரட்டைச் செக்குக்கு ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். எஃப்8 யானை குதிரையை வெட்ட முடியாது. அடுத்த நகர்வில் டி8 ராணி போகும்.

மூன்று, ராணி×ஜி5. பிஷப்×ஜி5 என்று திருப்பி வெட்டினால் ஒரு பிஷப், ஒரு குதிரைக்கு ஈடாகக் கறுப்பு தன் ராணியைக் கொடுத்திருக்கிறது. எச்7 சிப்பாயும் போயிற்று.

நான்கு, ராஜா ஜி6. அதை நாளை.

மூலைவிட்டம் | பிப்ரவரி 4, காலை 7.05

முதல் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. கேள்வியே நான்காவதில்தான்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 4, இரவு 9.55

ஆமாம், உழைப்பெல்லாம் அதில்தான்.

ராஜா ஜி6-இல் நின்றால் வெள்ளைக்கு மூன்று நகர்வுகளைப் பார்க்க வேண்டும்: ராணி ஜி4, ராணி டி3+, எச்4. மூன்றில் எது சரி என்பது அந்தந்த நிலையைப் பொறுத்தது, பொதுவிதி கிடையாது.

ராணி ஜி4: குதிரை இ6-ஐ வெட்டினால் ராணியின் செக் திறக்கும், அதே குதிரை டி8 ராணியையும் அடிக்கும். கறுப்பு எஃப்5 என்று ராணியை விரட்டினால் ராணி ஜி3. அச்சுறுத்தல் அப்படியே நிற்கிறது. எஃப்5-க்கு வந்த சிப்பாயை இ5 சிப்பாய் கடந்துபோகும் வெட்டாக (இரண்டு கட்டம் தாண்டிவந்த சிப்பாயை, ஒரே கட்டம் நகர்ந்ததுபோல் உடனே வெட்டும் விதி) எஃப்6-இல் எடுப்பதும் கையிருப்பில் இருக்கிறது. நேற்று வைத்த நிலையில் இதற்கு ஒரு தலைவலி உண்டு: குதிரை டி7×இ5. டி4×இ5, குதிரை×இ5 என்றதும் கறுப்புக் குதிரை ஜி4 ராணியை அடிக்கிறது. ஒரு குதிரையைத் திருப்பிக் கொடுத்து இரண்டு சிப்பாயை எடுத்துவிட்டது, வெள்ளையின் மையமும் கலைந்துவிட்டது. வெள்ளை ராணி ஜி3-க்கு விலகி இ6 அச்சுறுத்தலைத் தொடரலாம், ஆனால் இது வேறு ஆட்டம். இ5-ஐ இரண்டு குதிரைகள் குறிவைத்திருக்கும்போது ராணி ஜி4-ஐ யோசிக்காமல் ஆடக் கூடாது.

எச்4: அடுத்து எச்5+. அதற்கு ராஜா எச்6 என்றால் மீண்டும் குதிரை×எஃப்7 இரட்டைச் செக். ராஜா எஃப்5 என்று முன்னே வந்தால் ராணி எஃப்3 மேட்: இ4-ஐக் குதிரையும் ராணியும், ஜி4-ஐ ராணியும், ஜி6-ஐ எச்5 சிப்பாயும், எஃப்6-ஐ இ5 சிப்பாயும் காக்கின்றன, இ5-ஐத் தொட்டால் டி4 சிப்பாய் இருக்கிறது, ஜி5-ஐத் தொட்டால் சி1 பிஷப் இருக்கிறது. ஒரு கட்டம்கூட மிச்சமில்லை. பார்க்கவே அழகான மேட். ஆனால் எச்4 ஆடியதும் கறுப்புக்கு ஒரு நகர்வு கிடைக்கிறது. யானை எச்8 என்று எச்5 கட்டத்தைப் பிடித்தால் கணக்கு நீளும். அப்போது எச்5+ யானை×எச்5, ராணி டி3+ என்று போய், அதற்குக் கறுப்பு எஃப்5 ஆடும் கிளையை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஆக, புதுச் சிப்பாய் சொன்னதில் பாதி சரி: ஜி6 கறுப்பின் உண்மையான எதிர்ப்பு. மற்ற பாதியை ஏற்க மாட்டேன். ஜி6-ஐக் கணக்கில் எடுக்காமல் கொடுத்த பலிதான் எடுபடாது. எடுத்துக் கொடுத்தது நல்ல எதிரியிடமும் எடுபடும்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 5, மாலை 6.20

இதே நிலையை வைத்துப் பழக ஒரு வழி. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு காய்களை மட்டும் மாற்றி, பலி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

சி1 பிஷப்பை டி2, பி2 சிப்பாயை பி3 என்று மாற்றினால்? ஒன்றும் கெடாது, டி2-இலிருந்தும் ஜி5-க்கு வழி திறந்தே இருக்கிறது. அதே பிஷப்பை பி2-க்குக் கொண்டுபோனால் முடிந்தது: குதிரை ஜி5+ என்றதும் ராணி×ஜி5, திருப்பி வெட்ட ஆளில்லை.

இ5 சிப்பாயை எடுத்துவிட்டால், ராணி எச்5 என்றதும் கறுப்பு குதிரை எஃப்6 ஆடும். எச்7-உம் காப்பாற்றப்பட்டது, ராணிக்கும் அடி.

எஃப்8 யானை ஏற்கெனவே இ8-இல் இருந்தால், டி7 குதிரைக்கு எஃப்8 கிடைக்கிறது. அங்கிருந்து அது எச்7-ஐக் காக்கும். ராணி×எஃப்7+ வரை போகலாம், ஆனால் மேலே எழுதிய கட்டாய மேட் இல்லை.

இ6 சிப்பாய் இல்லாமல் சி8 பிஷப்புக்கு வழி திறந்திருந்தால், அது எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காக்கும். பொதுவாகவே பி1 முதல் எச்7 வரையிலான மூலைவிட்டத்தில் கறுப்பு ஏதாவது ஒரு காயை நுழைக்க முடியுமா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

மூலைவிட்டம் | பிப்ரவரி 5, இரவு 8.31

கறுப்பின் பிஷப் இ7-இல் இருந்து ஜி5-ஐக் காத்தால்? பிரெஞ்சுத் தற்காப்பில் (1. இ4 இ6 என்று தொடங்கும் ஆட்டம்) அதுதானே வழக்கம்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 6, காலை 6.50

அதற்கு எச்4 சிப்பாயும் எச்1 யானையும் வேண்டும். வெள்ளை கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) செய்திருக்கக் கூடாது. இதற்கு மிகப் பழைய உதாரணமே மிகத் தெளிவான உதாரணம். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த ஜோவாக்கினோ கிரேக்கோ தன் கையெழுத்துப் பிரதியில் எழுதிவைத்த ஆட்டம்:

1. இ4 இ6 2. டி4 குதிரை எஃப்6 3. பிஷப் டி3 குதிரை சி6 4. குதிரை எஃப்3 பிஷப் இ7 5. எச்4 கேஸ்லிங் 6. இ5 குதிரை டி5 7. பிஷப்×எச்7+ ராஜா×எச்7 8. குதிரை ஜி5+ பிஷப்×ஜி5 9. எச்×ஜி5+ ராஜா ஜி8 10. ராணி எச்5 எஃப்5 11. ஜி6 யானை இ8 12. ராணி எச்8 மேட்.

ஒன்பதாவது நகர்வைக் கவனியுங்கள். சிப்பாய் எச் வரிசையை விட்டு விலகியதும் யானையின் செக் திறக்கிறது. பதினோராவது அதைவிட நயம்: வெட்டக் காய்கள் இருக்கும்போது ஒரு சிப்பாய் ஓசையின்றி ஜி6-க்கு நகர்கிறது. எஃப்7-க்கு ராஜா ஓடும் வழி அதோடு அடைபட்டது.

எனக்கு இந்த வகை ஆட்டங்களில் பிடித்ததே இதுதான். பலி கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆட்டத்தை ஜெயித்துத் தருவது அதற்குப் பின்னால் வரும், செக்கும் இல்லாத வெட்டும் இல்லாத ஒரு நகர்வு. அந்த நகர்வு கண்ணில் பட்ட பிறகுதான் பிஷப்பைக் கொடுக்க வேண்டும்.

கறுப்புக் குதிரை | பிப்ரவரி 9, மதியம் 1.15

அப்படியானால் லாஸ்கர் ஆட்டத்தைச் சொல்லுங்கள். எச்7-இல் ராணியையே கொடுத்தாரே, அவர்தானே இரண்டு பிஷப்பையும் கொடுத்தவர்?

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 9, இரவு 10.10

இரண்டு லாஸ்கர்களைச் சேர்த்துவிட்டீர்கள். இரண்டு பிஷப்பைக் கொடுத்தவர் இமானுவேல் லாஸ்கர், 1894 முதல் 1921 வரை உலகச் சாம்பியன். ராணியைக் கொடுத்தவர் எட்வர்ட் லாஸ்கர், வேறு ஆள்.

முதலில் இமானுவேல். 1889, ஆம்ஸ்டர்டாம், எதிரே பௌவர். வெள்ளையின் பிஷப்புகள் டி3-இலும் இ5-இலும் நிற்க, இரண்டும் கறுப்பு ராஜாவை நோக்கியிருக்கின்றன. 14. குதிரை எச்5 குதிரை×எச்5. ராணியால் திருப்பி வெட்டுவதுதான் இயல்பு; ஆனால் 15. ராணி×எச்5 என்றால் எஃப்5 என்று கறுப்பு மூலைவிட்டத்தை அடைத்துவிடும். ஆகவே 15. பிஷப்×எச்7+ ராஜா×எச்7 16. ராணி×எச்5+ ராஜா ஜி8 17. பிஷப்×ஜி7. இதை வெட்டாவிட்டால் எச்8-இல் மேட் காத்திருக்கிறது. 17... ராஜா×ஜி7 18. ராணி ஜி4+. ராஜா எஃப்6 என்று மையத்துக்கு ஓடினால் ராணி ஜி5 மேட்; எஃப்4 சிப்பாய் ராணியையும் காக்கிறது, இ5 கட்டத்தையும் அடைக்கிறது. எனவே 18... ராஜா எச்7 19. யானை எஃப்3. இதோ அந்த ஓசையற்ற நகர்வு. அடுத்து எச்3-இல் மேட். கறுப்பு 19... இ5 ஆடி சி6 ராணிக்கு ஆறாவது வரிசையைத் திறக்கிறது. 20. யானை எச்3+ ராணி எச்6 21. யானை×எச்6+ ராஜா×எச்6.

இந்த இடத்தில் நிறுத்தி எண்ணுங்கள். கறுப்பிடம் இரண்டு யானை, இரண்டு பிஷப். வெள்ளையிடம் ராணி, ஒரு யானை, கூடுதல் சிப்பாய்கள். தாக்குதல் வற்றிவிட்டதுபோலத் தோன்றும். 22. ராணி டி7! பி7 பிஷப்புக்கும் இ7 பிஷப்புக்கும் ஒரே நேரத்தில் அடி, இரண்டுக்கும் காவல் இல்லை. ஒன்று போயே தீரும். இந்த நகர்வு இல்லாவிட்டால் இரட்டைப் பலிக்கே அர்த்தமில்லை. பதினைந்தாவது நகர்வை ஆடும்போதே இருபத்திரண்டாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டாராஷ் கறுப்புக் காய்களோடு நிம்ஸோவிச்சுக்கு எதிராக இதையே எச்2-இலும் ஜி2-இலும் செய்தார்: 19... பிஷப்×எச்2+ 20. ராஜா×எச்2 ராணி எச்4+ 21. ராஜா ஜி1 பிஷப்×ஜி2. அங்கேயும் பிஷப்பை வெட்டினால் ராணி ஜி4+, ராஜா எச்2, யானை டி5 என்று யானை ஏறி எச்5-க்கு வரும். எல்லாம் லாஸ்கர் போட்ட பாதை.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 10, இரவு 9.30

இப்போது எட்வர்ட். 1912, லண்டன், எதிரே ஜார்ஜ் தாமஸ். (பூப்பந்தில் தாமஸ் கோப்பை இருக்கிறதே, 2022-இல் இந்தியா வென்றது, அந்தத் தாமஸ்தான்.)

வெள்ளை ராணி எச்5-இல், பிஷப் டி3-இல், குதிரைகள் இ4-இலும் இ5-இலும். கறுப்பு ராணி இ7-க்கு வந்து ஏழாவது வரிசையோடு எச்7-க்குக் காவல் போட்டிருக்கிறது. சாதாரணமாக 11. குதிரை×எஃப்6+ என்றால் ஜி×எஃப்6, ராணியின் காவல் எச்7 வரை திறந்துவிடுகிறது, தாக்குதல் நின்றுவிடும். ஆகவே வரிசையை மாற்றி 11. ராணி×எச்7+ ராஜா×எச்7 12. குதிரை×எஃப்6+. இப்போது பிஷப்பும் குதிரையும் சேர்ந்த இரட்டைச் செக். ஜி சிப்பாயால் வெட்டவே முடியாது. ராஜா எச்8 என்று பின்வாங்கினால் குதிரை ஜி6 மேட். மிச்சம் எச்6 மட்டும். பிறகு 13. குதிரை இ5-ஜி4+ ராஜா ஜி5 14. எச்4+ ராஜா எஃப்4 15. ஜி3+ ராஜா எஃப்3 16. பிஷப் இ2+ ராஜா ஜி2 17. யானை எச்2+ ராஜா ஜி1 18. ராஜா டி2 மேட். கறுப்பு ராஜா வெள்ளையின் முதல் வரிசைக்கே வந்து முடிந்தது.

மூலைவிட்டம் | பிப்ரவரி 10, இரவு 11.02

கடைசியில் ராணிப் பக்கம் பெரிய கேஸ்லிங் செய்தும் மேட் கொடுத்திருக்கலாம். அதைத்தான் நான் ஆடியிருப்பேன்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 11, காலை 7.00

முடியும். இரண்டிலும் ஏ1 யானைதான் முதல் வரிசையில் மேட் கொடுக்கிறது. எனக்கு ராஜா டி2-தான் பிடிக்கும். ராஜா ஓரடி விலகி யானைக்கு வழிவிடுவது போதும்.

புதுச் சிப்பாய் | பிப்ரவரி 16, இரவு 8.45

எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தைய ஆட்டங்கள். இன்றைய பெரிய ஆட்டக்காரர்களிடம் இது நடக்குமா?

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 17, இரவு 10.25

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஜீ. ஆரோனியன் வெள்ளை, அப்போதைய உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்த் கறுப்பு. இந்த ஆட்டம் நம் இழைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: எச்7-ஐ வெட்டியவர் தோற்றார்.

12. குதிரை ஜி5 என்று ஆரோனியன் எச்7-ஐக் குறிவைத்தார். ஆனந்த் எச்7-ஐக் காக்கவே இல்லை, 12... சி5 என்று மையத்தைத் திறந்தார். 13. குதிரை×எச்7 குதிரை ஜி4 14. எஃப்4 சி×டி4 15. இ×டி4 பிஷப் சி5 16. பிஷப் இ2 குதிரை டி7-இ5!

குதிரையை இரண்டு சிப்பாய்களுக்கு நடுவே கொண்டுபோய் வைக்கிறார். எஃப்×இ5 என்று வெட்டினால் ராணி×டி4+, ராஜா எச்1, ராணி ஜி1+! யானை×ஜி1, குதிரை எஃப்2 மேட். ராஜா தன் காய்களுக்குள்ளேயே மூச்சுமுட்டி மாட்டும். அதனால் 17. பிஷப்×ஜி4 பிஷப்×டி4+ 18. ராஜா எச்1 குதிரை×ஜி4 19. குதிரை×எஃப்8 எஃப்5. யானையை வெட்டிய குதிரையைத் திருப்பி வெட்டாமல், சி2-இலிருந்து எச்7-க்கு ஓடும் ராணியின் மூலைவிட்டத்தை முதலில் மூடுகிறார். 20. குதிரை ஜி6 ராணி எஃப்6 21. எச்3 ராணி×ஜி6 22. ராணி இ2 ராணி எச்5 23. ராணி டி3 பிஷப் இ3. ஆரோனியன் ஆட்டத்தை விட்டுவிட்டார்.

கடைசி நகர்வைப் பலகையில் வைத்துப் பாருங்கள். டி3 ராணி மூன்றாவது வரிசையில் எச்3-ஐக் காத்துக்கொண்டிருந்தது. பிஷப் இ3-இல் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கோடு அறுந்தது. அடுத்து ராணி×எச்3+; ஜி2 சிப்பாய் வெட்ட முடியாது, பி7 பிஷப் அதை ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருக்கிறது. பிஷப்பை வெள்ளைப் பிஷப்பால் வெட்டினாலும் ராணி×எச்3+, ராஜா ஜி1, ராணி எச்2 மேட். செக்கும் இல்லை, வெட்டும் இல்லை, ஆட்டம் முடிந்தது.

பி7 பிஷப்பும் ஜி1 பக்கம் பார்க்கும் இன்னொரு பிஷப்பும் சேர்ந்து இப்படித் தாக்குவதற்கு 1907-இல் லோட்ஸ் நகரில் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ஆடிய ஆட்டம்தான் முன்னோடி: 22... யானை×சி3 23. ஜி×எச்4 யானை டி2 24. ராணி×டி2 பிஷப்×இ4+ 25. ராணி ஜி2 யானை எச்3. அதிலும் கடைசி நகர்வு செக் அல்ல. ஆனந்தே தன் ஆட்டத்தை இதோடு ஒப்பிட்டிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள்.

கறுப்புக் குதிரை | பிப்ரவரி 18, காலை 8.20

காஸ்பரோவ் டோபலோவை வென்ற 1999 ஆட்டத்தை யாரும் சொல்லவில்லையே! அதுவும் வெய்க் ஆன் ஜீதான்.

எட்டாம் கட்டம் | பிப்ரவரி 18, இரவு 9.40

அதற்குத் தனி இழையே வேண்டும். இங்கே பொருந்துவதை மட்டும். 24. யானை×டி4 என்ற பலியை டோபலோவ் வெட்டியதால்தான் அந்த ராஜா வேட்டை நடந்தது; 24... ராஜா பி6 என்று தொடாமல் விட்டிருந்தால் கறுப்பு தாங்கியிருக்கும். கறுப்பு ராஜா டி1 வரை இழுக்கப்பட்ட பிறகு 36. பிஷப் எஃப்1! என்ன ஒரு நகர்வு. சி4 ராணிக்குக் குறி. கறுப்பு ராணி அதை வெட்டினால் வெள்ளை ராணி சி2+, ராஜா இ1, யானை இ7+ என்று முடியும்.

அதேபோல எச்7 பலியிலும் ராஜாவுக்கு எச்8 கட்டம் திறந்திருந்தால் வெட்டாமல் ஒதுங்கலாம். ஒரு சிப்பாய் போகும், ராஜாவின் கூரை கொஞ்சம் திறக்கும், அவ்வளவே. கணக்குப் போடும்போது இந்த ஐந்தாவது வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் சிப்பாய் | மார்ச் 1, இரவு 7.50

பிப்ரவரி 3-இல் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கடைசிக் கேள்வி: கறுப்பாக ஆடும்போது முன்கூட்டியே தடுப்பது எப்படி? எச்6 ஆடிவிட்டால் போதுமா?

எட்டாம் கட்டம் | மார்ச் 1, இரவு 10.15

எச்6 இந்தக் குறிப்பிட்ட பலியைத் தடுக்கும். ஆனால் சி1 பிஷப்பும் ராணியும் ஒரே கோட்டில் இருந்தால் எச்6-இலேயே பலி வரும். பயத்தில் ஆடும் நகர்வு அது, அவசியம் இல்லாமல் வேண்டாம்.

வெள்ளை இ5 தள்ளி எஃப்6 குதிரையை விரட்டும் நொடிதான் எச்சரிக்கை மணி. டி3-இல் பிஷப், எஃப்3-இல் குதிரை, ஜி5-க்கு சி1 பிஷப்பின் பார்வை மூன்றும் இருந்தால், அப்போது கேஸ்லிங் செய்யாதீர்கள். சி5 ஆடி டி4-ஐ உடையுங்கள். ஏற்கெனவே கேஸ்லிங் ஆகிவிட்டது என்றால் எஃப்6 ஆடி இ5 சிப்பாயை உடைக்கப் பாருங்கள், அல்லது யானையை இ8-க்கு நகர்த்தி டி7 குதிரைக்கு எஃப்8-ஐக் காலி செய்யுங்கள். இதை வெள்ளை பிஷப்பைத் தூக்குவதற்கு ஒரு நகர்வு முன்பே செய்ய வேண்டும். ராணி எச்5-க்கு வந்த பிறகு அதே யானை இ8-க்குப் போனால், ராணி×எஃப்7+.